கசகசாவின் தாயாதிகள்

கசகசாவை அறியாத சமையலறை நம் நாட்டில் இராது. தேங்காயோடு சேர்த்து அரைத்தால் குருமாவுக்குக் கெட்டித் தன்மை கொடுக்கும். வெல்லமும் பாலும் கூட்டினால் பாயசமாகும். மரமஞ்சளை நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் போக்குக்குக் கஷாயம் வைப்பதற்கென்று பெரியவர்கள் அதைத் தேடுவதுண்டு. பிரம்மதண்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. சாலை ஓரத்திலும் தரிசு நிலத்திலும், முள் நிறைந்த இலைகளோடும் மஞ்சள் பூக்களோடும், அது தானாகவே முளைத்துக் கிடக்கிறது. சில ஊர்களில் குடியோட்டிப் பூண்டு என்று அதற்குப் பெயர்.

அடுக்களையில் ஒன்று, கடையில் ஒன்று, வேலியில் ஒன்று. பார்வைக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத இம்மூன்றும் நெருங்கிய உறவினர் என்று ரஸாயன சாஸ்திரம் சொல்கிறது. உறவினர் என்பதைக் காட்டிலும் தாயாதிகள் என்பது பொருத்தமாயிருக்கும். ஒரே பாட்டனின் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் இவர்கள். ஒருவர் வைத்தியரானார், ஒருவர் விஷமியானார், இன்னொருவரோ இரண்டு வேஷத்தையும் தரித்துக்கொண்டு உலகத்தையே ஆட்டி வைத்தார். அந்தப் பாட்டன் யார், சொத்து எது, பாகப் பிரிவினை எப்படி நடந்தது என்பதை இந்த வாரம் விசாரிப்போம். இது வெறும் வம்பு விசாரணை அன்று. மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம்.

செடிகளுக்குக் கால் கிடையாது. மேய வரும் மாட்டையும் அரிக்க வரும் புழுவையும் கண்டு அவை ஓட முடியாது. ஆகையால் பல செடிகள் நின்ற இடத்திலேயே நின்று ரஸாயன யுத்தம் செய்கின்றன. கசப்பும் நஞ்சும் உள்ள வஸ்துக்களைத் தம் பாலிலும் பட்டையிலும் வேரிலும் சேர்த்து வைக்கின்றன. அத்தகைய வஸ்துக்களில் ஒரு பெரிய வகுப்புக்கு 1819-ஆம் ஆண்டில் மைஸ்னர் என்னும் ஜெர்மானியர் ஆல்கலாயிடு என்று பெயரிட்டார். க்ஷாரத்தைப் போன்றது என்பது அதன் பொருள். அமிலத்தோடு கூடினால் உப்பாக மாறும் குணம் இவற்றுக்கு உண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் நைட்ரஜன் அணு ஒன்றாவது இருக்கும். காலையில் நாம் காப்பியோடு அருந்தும் கஃபீன், புகையிலையில் உள்ள நிகோடின், மலேரியாவுக்கு எமனாக வந்த க்வினைன், எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் எல்லாம் இந்த வகுப்பைச் சேர்ந்தவையே.

இந்தப் பெருங்கூட்டத்தில் நம்முடைய மூன்று தாயாதிகளுக்கும் தனியாக ஒரு குடும்ப அடையாளம் இருக்கிறது. தேன்கூட்டை உற்று நோக்கினால் ஆறு பக்கமுள்ள அறைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதையும், இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரே சுவர் பொதுவாக நிற்பதையும் காணலாம். அம்மாதிரி ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு அறைகளை மட்டும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மூலைகள் பத்து. ஒன்பது மூலைகளில் கரி அணுக்களை வையுங்கள். ஒரு மூலையில் நைட்ரஜனை வையுங்கள். நைட்ரஜன் பொதுச் சுவரின் முனைக்கு அடுத்த மூலையில் உட்கார்ந்தால் அதற்குக் க்வினோலின் என்று பெயர். க்வினைனுக்குள் இருப்பது அதுதான். நைட்ரஜன் இன்னும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் ஐஸோக்வினோலின் ஆகிவிடுகிறது. ஓர் அணு ஓர் இடம் நகர்ந்ததும் குலமே வேறாகிவிட்டது! இந்த ஐஸோக்வினோலினை 1885-ஆம் ஆண்டில் ஹூகவெர்ப், வான் டார்ப் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் நிலக்கரித் தாரிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கரித் தாரில் வெறும் எலும்புக் கூடாகக் கிடைத்த அந்த உருவம், பல செடிகளின் சாற்றிலும் சதையும் நரம்புமாக மறைந்திருப்பது பின்னால் தெரிய வந்தது.

நிற்க, குடும்பத்தின் மூத்தவரைப் பார்ப்போம். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. பூ உதிர்ந்தபின் காய் பச்சையாயிருக்கும்போதே அதன் மேல்தோலை இலேசாகக் கீறி விட்டால் பால் கசியும். இரவெல்லாம் கசிந்து, மறுநாட் காலையில் பழுப்பு நிறப் பிசினாக உறைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் அபினி. காய் முற்றி உலர்ந்தபின் உள்ளே கலகலவென்று ஆடும் விதையே கசகசா.

இதை வகுப்பில் சொன்னபோது, பின் வரிசையில் எப்போதும் தூங்கும் பையன் ஒருவன் சட்டென்று விழித்துக்கொண்டு, "அப்படியானால் பாயசம் குடித்தால் மயக்கம் வருமா, ஸார்?" என்று கேட்டான். வராது. மயக்கும் சரக்கு காயின் பாலில் இருக்கிறதேயன்றி விதையில் இல்லை. அறுவடையின்போது விதையின்மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு துளி பாயசத்துக்குப் போதாது. ஆனால் சட்டத்துக்குப் போதும். சிங்கப்பூருக்கும் அரபு தேசங்கள் சிலவற்றுக்கும் கசகசாப் பொட்டலத்தோடு போகிறவர்கள் சிறைவாசம் வரையில் சங்கடப்பட நேரிடலாம். கடல் கடந்து வாழும் மகனுக்கோ மகளுக்கோ மளிகை கட்டி அனுப்பும் தாய்மார்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அபினி வலியைப் போக்கும் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வயலின் அபினியைப்போல மற்றொரு வயலின் அபினி இராது. நேற்று வலியைத் தணித்த அதே எடை, இன்று வேறொரு கட்டியிலிருந்து கொடுத்தால் நோயாளியை மீளாத் துயிலில் ஆழ்த்திவிடும். வைத்தியரிடம் மருந்து இருந்தது, அளவு இல்லை.

அந்த அளவைத் தேடி இறங்கியவர் பெரிய பண்டிதர் அல்லர். ஜெர்மனியில் பாடர்போர்ன் என்ற ஊரில் மருந்துக் கடையில் உதவியாளராயிருந்த ஸெர்ட்யூர்னர் என்னும் இளைஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் சில வருஷங்களில் அவர் அபினியிலிருந்து ஒரு வெண்மையான பொடியைப் பிரித்தெடுத்தார். உலகம் அவரைக் கவனிக்கவில்லை. பிறகு அவரும் மூன்று இளைஞர்களும் அந்தப் பொடியை அரை அரைக் கிரெயினாக மூன்று தடவை உட்கொண்டு பார்த்தார்கள். தலை சுற்றி மயக்கம் மேலிடவே, காடியைக் குடித்து வாந்தி எடுத்துத்தான் பிழைத்தார்கள். 1817-ல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டபோது, கிரேக்கர்களின் கனவுத் தேவதையான மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். மார்பின் என்று நாம் இன்று சொல்லும் மருந்து அதுவே. நல்ல அபினியில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு அது இருக்கிறது. பின்னர், 1832-ல் ரோபிகே என்ற பிரெஞ்சுக்காரர் இருமலை அடக்கும் கோடீனை அதே அபினியில் கண்டார். 1848-ல் ஜியார்ஜ் மெர்க் என்பவர் மயக்கம் தராமல் தசைப் பிடிப்பைத் தளர்த்தும் பபாவெரினைக் கண்டார். ஒரே பாலுக்குள் இத்தனை பேர் குடியிருந்தார்கள்!

மார்பினின் உள்ளமைப்பு இன்னதென்று சரியாக வரைந்து காட்டுவதற்கு மேலும் நூறு வருஷங்களுக்கு மேல் சென்றன. 1925-ல் ராபர்ட் ராபின்ஸன் என்ற ஆங்கில ரஸாயனி அதைச் சாதித்தார். 1947-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஐந்து வளையங்கள் மடங்கிப் பின்னிக் கிடக்கும் அந்த உருவத்தைச் செடி எப்படிக் கட்டுகிறது என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. விடை தெரிந்தபோது எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். செடி கையாளும் மூலப்பொருள் டைரோஸின் என்னும் எளிய அமினோ அமிலம். பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தில் இருக்கிற அதே டைரோஸின்தான். 1846-ல் லீபிக் அதைப் பாலாடைக் கட்டியிலிருந்து எடுத்தார். இதுவே நமது தாயாதிகளின் பாட்டன். இரண்டு டைரோஸின்களைச் சற்றே மாற்றி ஒன்றோடொன்று பிணைத்தால் ஐஸோக்வினோலின் குலத்தின் முதல் உருவம் பிறக்கிறது. அங்கிருந்து படிப்படியாக ரெடிகுலின் என்னும் நிலைக்கு வந்து சேர்கிறது. அதுதான் நாற்சந்தி; அங்கேதான் பாகப் பிரிவினை.

இந்த ரெடிகுலினை உலகுக்கு முதலில் காட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னையில், கடற்கரைக்கு எதிரே நிற்கும் மாநிலக் கல்லூரியிலே பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாசாரியும் அவருடைய சகாக்களும் 1959-ஆம் ஆண்டில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். எடுத்தது எதிலிருந்து? ராமசீதா மரத்திலிருந்து! அந்தப் பழத்தின் தோலில் வலைப்பின்னல் போன்ற கோடுகள் இருப்பதால் தாவர சாஸ்திரிகள் அந்த மரத்துக்கு ரெடிகுலாடா என்று பெயர் வைத்திருந்தனர். ரெடிகுலின் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அடுத்த பத்தாண்டில் பார்ட்டன், பாட்டர்ஸ்பி முதலிய ஆங்கில விஞ்ஞானிகள் கதிரியக்க அணுக்களை அடையாளமாக வைத்து, அபினிச் செடி மார்பினை இந்த ரெடிகுலின் வழியாகவே செய்கிறது என்று நிரூபித்தார்கள். நாம் கொல்லையிலிருந்து பறித்துத் தின்று கொட்டையைத் துப்பும் பழத்தின் மரத்துக்குள் உலகத்து மருந்துச் சாலைகளின் சந்திப்பு ஒளிந்திருந்தது. அதைக் கண்டவரும் நம்மவர். கல்லூரி மாணவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நியாயமா?

நாற்சந்தியிலிருந்து ஒரு வழி மார்பினுக்குப் போகிறது. மற்றொரு வழியில் ரெடிகுலினின் நைட்ரஜனில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கரி அணு வளைந்து, எதிர் வளையத்தைத் தொட்டுப் பாலம் போட்டுவிடுகிறது. அந்தப் பாலத்தைக் கடந்தபின் பாதை மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் பெர்பெரின் நிற்கிறது. மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறத்தையும் கடுங் கசப்பையும் கொடுப்பது அது. கிருமிகளை அடக்கி வயிற்றுப் போக்கை நிறுத்த வல்லது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் மரமஞ்சள் கொடி முதிர்வதற்குப் பல வருஷங்கள் பிடிக்கும். வெட்டுகிறவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அதனால் அது காட்டில் அரிதாகி வருகிறது.

மற்றக் கிளையில் நிற்பது ஸாங்குவினரின். இரத்தம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் உப்புக்கள் சிவப்பு நிறமானவை. பிரம்மதண்டின் விதையில் இருக்கும் நஞ்சு இதுதான். பெர்பெரினும் பிரம்மதண்டிலேயே உண்டு. மருந்தும் விஷமும் ஒரே செடிக்குள், ஒரே பாலத்தைக் கடந்து வந்த உடன் பிறந்தவர்களாக வாழ்கின்றன.

இங்கேதான் கதை பயங்கரமாகிறது. மெக்ஸிகோவிலிருந்து வந்து நம் தேசமெங்கும் பரவிய பிரம்மதண்டின் விதை, கறுப்பாக, உருண்டையாக, கடுகைப் போலவே இருக்கும். கடுகு வயலில் களையாக முளைத்து அறுவடையில் கலப்பதும் உண்டு. பேராசைக்காரர் வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. 1877-ல் கல்கத்தாவில் ஒரு விசித்திரமான நோய் தோன்றியது. கால்கள் வீங்கின; மூச்சு முட்டியது; இருதயம் தளர்ந்து பலர் மாண்டனர். தொற்று நோய் என்றார்கள் சிலர். கெட்டுப்போன அரிசியால் வந்தது என்றார்கள் சிலர். 1926-ல் ஸர்க்கார் என்ற வங்காள வைத்தியர் பிரம்மதண்டு எண்ணெயின்மேல் விரலை நீட்டினார். 1937-ல் லால், ராய் என்ற இருவர் பரிசோதனையினால் அதை உறுதிப்படுத்தினார்கள். நுண்ணிய இரத்தக் குழாய்களை ஸாங்குவினரின் விரித்துவிடுவதால் இரத்தத்தின் நீர் வெளியே கசிந்து உடல் வீங்குகிறது. நூறு பங்கு நல்ல எண்ணெயில் ஒரு பங்கு இந்த எண்ணெய் கலந்தாலே கேடு விளையும்.

காரணம் தெரிந்தபின் நோய் ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. 1998-ஆம் ஆண்டில், நாடு சுதந்தரம் பெற்று ஐம்பது வருஷங்களுக்குப் பின், தலைநகரமான டில்லியிலேயே கலப்படக் கடுகெண்ணெயினால் ஏறக்குறைய 3,000 பேர் நோயுற்றனர்; 60 பேருக்கு மேல் இறந்தனர். நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும் ஒரு நஞ்சு, பரிசோதனைச் சாலைகள் நிறைந்த நகரத்தில் அத்தனை அடுக்களைகளுக்குள் நுழைந்தது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வழங்கும் நம் பக்கத்தில் இந்த நோய் அபூர்வமே. ஆயினும் பேர் தெரியாத எண்ணெயை அளந்து வாங்கும் வழக்கம் எந்த எண்ணெயானாலும் நல்லதன்று.

அறிந்திருந்தும் நேர்மையில்லாமையால் வந்த கேடு அது. அச்சத்தினால் வரும் கேடு வேறொன்று உண்டு; அதற்கு மறுபடியும் மூத்தவரிடம் திரும்ப வேண்டும்.

அபினியின் சரித்திரம் நமக்குப் பெருமை தருவதன்று. 1773-ல் வங்காளத்து அபினி வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, நம் குடியானவர்களைப் பயிரிட வைத்து, அந்தச் சரக்கைச் சீன தேசத்தில் விற்று, அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களை நாசமாக்கியது. சீனர் தடுத்தபோது 1839-ல் யுத்தம் மூண்டது. விஞ்ஞானமும் தன் பங்குக்கு ஒரு தவறு செய்தது. மார்பினில் இரண்டு சிறு கிளைகளை ஒட்டவைத்து ஆக்கிய வஸ்துவை ஹெராயின் என்ற பெயரில் 1898-ல் பேயர் கம்பெனியார் இருமல் மருந்தாகவே விற்றார்கள். அது மார்பினைவிடக் கொடிய அடிமைத்தனத்தில் கொண்டு தள்ளியது.

ஆகவே கட்டுப்பாடு அவசியந்தான். ஆனால் 1985-ல் நம் நாட்டில் ஏற்பட்ட போதைப் பொருள் சட்டம், கள்ளக் கடத்தலைத் தடுக்கும் வேகத்தில் ஆஸ்பத்திரிகளையும் மிரட்டிவிட்டது. ஒரு மருந்துக்குப் பல லைசென்ஸுகள். எழுத்தில் சிறு பிழை வந்தாலும் சிறை. மருந்துக் கடைக்காரர் மார்பின் வைப்பதை விட்டார். வைத்தியர் எழுதுவதை விட்டார். 1997-ல் இத்தனை பெரிய தேசம் முழுவதிலும் சிகிச்சைக்குச் செலவான மார்பின் 18 கிலோ மாத்திரமே. சர்க்கார் அநுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அபினி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகத்தின் வலிக்கு மருந்து அனுப்பும் தேசத்தில், புற்றுநோயாளி தன் வீட்டுத் திண்ணையில் கதறிக்கொண்டு கிடந்தார். உழுதவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்ற கதைதான்.

இந்த அநியாயத்தைக் கண்டு சும்மா இராதவர்களும் உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் நோவு தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கி, வாய்வழியாக உட்கொள்ளும் மார்பினை ஏழை நோயாளிகளுக்குக் கணக்கோடும் கவனத்தோடும் கொடுத்துக் காட்டினார்கள். இடைவிடாத முயற்சியின் பயனாக 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. லைசென்ஸுச் சிக்கல் தளர்ந்தது. ஆனால் அச்சம் சட்டத்தைப்போல ஒரே நாளில் திருந்துவதில்லை. "மார்பினா? அப்படியானால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தமா?" என்று நடுங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தேர்ந்த வைத்தியர் புற்றுநோய் வலிக்கு அளந்து கொடுக்கும் மார்பின் ஆயுளை முடிப்பதன்று. மீதியுள்ள நாட்களில் நோயாளி உறங்கவும் உண்ணவும் பேரக் குழந்தையோடு பேசவும் செய்வது. அம்மாதிரி நோயாளி அதற்கு அடிமையாவதும் அரிது.

ஒரே டைரோஸின், ஒரே ரெடிகுலின். பாதை திரும்பிய இடத்தில் ஒன்று கஷாயமாயிற்று, ஒன்று கொலைகார எண்ணெயாயிற்று, ஒன்று ஆறுதலாகவும் அடிமைத்தனமாகவும் ஆயிற்று. செடிக்கு நம்மேல் அன்பும் இல்லை, பகையும் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள அது எதையோ செய்து வைத்தது. அதைப் பிரித்தறிந்து, அளந்து, நேர்மையாகக் கையாளும் பொறுப்பு நம்முடையது. ஸெர்ட்யூர்னர் உயிரைப் பணயம் வைத்துத் தேடியது அந்த அளவையே. அதைக் கலப்படக்காரர் கையில் விட்டாலும் நாசம். அச்சத்தின் கையில் விட்டாலும் நாசம்.

வாசகர்கள் வீட்டில் யாரேனும் தீராத வலியோடு படுத்திருந்தால், நோவு தணிக்கும் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று வைத்தியரைக் கூச்சமின்றிக் கேளுங்கள். எண்ணெய் வாங்கும்போது முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பிரம்மதண்டைக் காட்டி, தொடாதே என்று சொல்வதோடு நில்லாமல், ஏன் தொடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். பாயசத்தைப்பற்றிக் கவலை வேண்டாம், வயிறாரக் குடிக்கலாம்.